ஒளியால் எழுதிய கலைஞர்: லயனல் வென்ட்

முன்னோர் வெட்டி வைத்த பாதையில் நடப்பது எவர்க்கும் எளிது. தன் உள்ளம் விரும்பும் தொழில் எதுவெனக் கண்டுகொண்டு, ஊரார் சொல்லுக்கு அஞ்சாது அதன் வழியே இறுதிவரை நடப்பது அரிது. அவ்வாறு நடந்த ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விழைகின்றோம். அவர் தமிழரல்லர். ஆயினும் இத்தீவின் அலைகளையும் தோணிகளையும் தென்னந்தோப்புகளையும், வெயிலிலே உழைக்கும் மக்களையும் உயர்ந்த கலைக்குரிய பொருளாக உலகுக்குக் காட்டியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர். கடலையும் களப்பையும் நம்பி வாழும் புத்தளக் கரையோர மக்களாகிய நமக்கு அவர் வேற்றாள் ஆகமாட்டார். நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் என்பவரே அவர்.

உப்பும் ஒளியும்

அவருடைய வரலாற்றுக்குள் நுழையுமுன், அவர் கையாண்ட கலை பிறந்த கதையைச் சிறிது நோக்குவோம். அக்கதையில் நமக்கு மிகவும் பழக்கமான பண்டம் ஒன்று இடம் பெறுகின்றது. அது உப்பு!

1830களில் இங்கிலாந்திலே வாழ்ந்த ஹென்றி பொக்ஸ் டல்பட் என்பவர், சாதாரண உப்பைக் கரைத்த நீரில் தாளை நனைத்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார். உப்பும் அக்கரைசலும் கூடியபோது வெள்ளிக் குளோரைட்டு உண்டாயிற்று. அது வெயில் பட்ட இடத்திற் கறுத்தது. நிழல் விழுந்த இடத்தில் வெளுப்பாகவே நின்றது. தாளின்மேல் வைத்த இலையின் வடிவம் அப்படியே பதிந்துவிட்டது. பதிந்த உருவம் மேலும் கறுத்து அழியாமல் தடுப்பதற்கும் அவர் முதலிற் பயன்படுத்தியது செறிந்த உப்புக் கரைசலே. பின்னர், 1839இல், ஜோன் ஹேர்ஷல் என்னும் விஞ்ஞானி அதனிலும் சிறந்த ‘ஹைப்போ’ என்ற உப்பை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் பிரான்சு தேசத்து டாகேர் என்பவரின் முறையும் உலகுக்கு வெளியாயிற்று. அன்று தொட்டு நிழற்படக் கலை நாடுகள் தோறும் பரவியது. புத்தளத்து உப்பளங்களில் வெண்குவியல்களை நாள்தோறும் காணும் நம் பிள்ளைகள், அவ்வுப்பே உலகத்தின் முதற் படங்கள் சிலவற்றுக்கு உதவிய பொருள் என்பதை அறிந்து பெருமை கொள்ளலாம்.

இலங்கைக்கும் இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. உலகப் புகழ் பெற்ற பெண் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இங்கு வந்து குடியேறி, 1879இல் மலைநாட்டின் டிக்கோயாவிலே காலமானார். 1863ஆம் ஆண்டின் முடிவில், நாற்பத்தெட்டு வயதிலே, மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கியவர் அவர். கொழும்பிலே 1890இல் தோன்றிய பிளாட்டே போன்ற நிலையங்கள் குடும்பப் படங்களை எடுத்தன. கப்பலிலே வந்திறங்கும் வெள்ளையருக்குக் காட்சித் தபாலட்டைகளையும் விற்றன. அக்காலத்துத் தபாலட்டைகளில் நம் நாட்டு மக்கள் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே நிறுத்தப்பட்டனர். தன் நாட்டைத் தன் கண்ணாலே காணும் ஒருவர் இன்னும் வர வேண்டியிருந்தது.

பிறப்பும் இளமையும்

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் சமூகத்தவர்; உயர் நீதிமன்ற நீதியரசராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் விளங்கியவர். தாயார் அமேலியா டி சேரம் சிங்களப் பெருங்குடியிற் பிறந்தவர். எனவே கிழக்கும் மேற்கும் அவர் பிறந்த வீட்டிலேயே கைகோத்து நின்றன எனலாம்.

தந்தையார் நீதிபதியாய் இருந்தபோதிலும் கமராவிலே பற்றுக் கொண்டவர். இலங்கையின் நிழற்பட ஆர்வலர் கூடி அமைத்த சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். வீட்டிலே தந்தை எதைப் போற்றுகின்றாரோ, அதைப் பிள்ளையின் கண் கவனிக்கும். பெற்றோர் வாயாற் கூறும் அறிவுரை ஒரு பங்கு வேலை செய்தால், அவர்கள் தாமே விரும்பிச் செய்யும் காரியம் பத்துப் பங்கு வேலை செய்யும். சிறுவன் லயனலுக்குக் கமரா அந்நியப் பொருளாக இருந்திராது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

ஆனால் அவ்வீட்டின் நிழல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1911இல் தந்தையார் காலமானார். இருபது வயது நிரம்புமுன் தாயாரையும் இழந்தார். லயனலும் இளைய சகோதரர் ஹரியும் எஞ்சினர். புனித தோமையார் கல்லூரியிலே கல்வி கற்ற லயனல், 1919இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தந்தையின் அடிச்சுவட்டிலே ‘இன்னர் டெம்பிள்’ என்னும் சட்ட நிலையத்தில் சேர்ந்து பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்தார். அதே காலத்தில் லண்டன் இராசரீக இசை அக்கடமியிலும் பியானோ பயின்றார். ஒஸ்கார் பெரிங்கர், மார்க் ஹம்பேர்க் ஆகிய பேராசான்கள் அவருக்கு வாய்த்தனர்.

1924இல் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. நீதியரசரின் மைந்தர், பாரிஸ்டர், செல்வக் குடியினர். நீதிமன்றத்திலே அவருக்காக ஓர் ஆசனம் காத்திருந்தது என்றே ஊரார் எண்ணியிருப்பர். அவரும் சில காலம் சட்டத் தொழிலைச் செய்து பார்த்தார். உள்ளம் அதில் ஒட்டவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்தார். மேனாட்டுப் புது இசையைக் கொழும்பு மக்கள் கேட்கச் செய்தார், மாணவருக்குக் கற்பித்தார், புது நூல்களையும் ஓவியங்களையும் தேடித் திரட்டினார்.

இங்கு நாம் உண்மையை மறைத்தல் ஆகாது. வென்ட் வசதி படைத்தவர். வருவாயை எண்ணாது தொழிலைத் துறக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. வலைத் தொழிலாளியின் மகனுக்கும் உப்பளக் கூலியாளின் மகளுக்கும் அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் எல்லாரும் அவரைப் போலத் தொழிலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் வசதி படைத்தோர் அனைவரும் கலைஞர் ஆனதுண்டா? பொருளிருந்தும் பொழுதை வீணே கழித்தோர் எத்தனை பேர்! தனக்குக் கிடைத்த ஓய்வை உழைப்பாக மாற்றியதிலேதான் வென்ட் அவர்களின் பெருமை தங்கியிருக்கின்றது.

கமரா கைக்கு வந்தது

அவர் உள்ளத்தில் இளமையிலேயே விழுந்திருந்த வித்து, முப்பது வயதை ஒட்டிய காலத்தில் முளைத்துக் கிளை விட்டது. அதற்குக் காலமும் துணை செய்தது. அதுவரை நல்ல படம் எடுக்க விரும்பியோர் பாரமான பெட்டியையும் முக்காலியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 1925இல் ஜேர்மனியின் லைட்ஸ் நிறுவனம் ‘லைக்கா’ என்னும் சிறிய கமராவைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1929இல் அதே நாட்டிலிருந்து ‘ரொலிபிளெக்ஸ்’ வந்தது. கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரையிலும் வயல் வரம்பிலும் நடக்கத்தக்க கருவிகள் இவை. வென்ட் இவ்விரண்டையும் கையாண்டார்.

கையிலே கருவி வந்ததும் அவர் கண் நாட்டுப்புறத்தை நோக்கித் திரும்பியது. செல்வக் குடியிலே பிறந்தவர், கரைவலை இழுப்போரின் முதுகிலே வியர்வை மின்னுவதைக் கண்டார். தென்னோலையின் ஊடே விழும் வெயிற் கீற்றைக் கண்டார். தோணியின் வளைவையும், மணலிலே அலை விட்டுச் சென்ற வரிகளையும், கண்டி நடனக்காரரின் அசைவையும், பழம் பெருங் கட்டடங்களின் சிதைவையும் கண்டார். இவை நாம் ஒவ்வொரு நாளும் காண்பவைதாமே என்று கேட்கலாம். நாள்தோறும் காண்பதனாலேயே நாம் அவற்றைக் காண்பதில்லை! பழகிய பொருளின் புதுமையை எடுத்துக் காட்டுவதே கலைஞன் கடமை.

படம் எடுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இருட்டறையிலே தாமே கழுவி, தாமே அச்சிட்டு, தம் மனத்திலே கண்ட ஒளியும் இருளும் தாளில் வரும் வரை முயன்றார். படம் தோன்றிக்கொண்டிருக்கும்போதே சிறிது வெளிச்சத்தை அதன்மேல் விழவிட்டால், வெளிச்சமும் இருளும் ஓரளவு இடம் மாறி, உருவத்தைச் சுற்றி மைக்கோடு இட்டாற்போல ஒரு வரை தோன்றும். ‘சோலரைசேஷன்’ எனப்படும் இம்முறையை ஐரோப்பாவிலே மான் ரே முதலியோர் கையாண்டு வந்த காலத்தில், கொழும்பிலிருந்தவாறே வென்ட் அதனை ஆராய்ந்து தேர்ந்தார். பல படங்களை ஒன்றோடொன்று இணைத்துப் புதுக் காட்சி அமைக்கும் முறையையும் கையாண்டார்.

தாம் கற்றதைத் தமக்குள்ளே பூட்டி வைக்கும் குணம் அவரிடம் இல்லை. 1930களின் நடுப்பகுதியில் பேர்னாட் தோர்ன்லி, டுராண்ட் ஆகிய நண்பர்களுடன் கூடி இலங்கை நிழற்படச் சங்கத்தை அமைத்தார். கொழும்பு லேக் ஹவுசிலே ‘சித்ராபோட்டோ’ என்னும் நிழற்பட நிலையத்தை நடத்தினார். 1938இல் லண்டன் நகரிலே அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஆளும் நாட்டின் தலைநகரில், ஆளப்படும் தீவின் மீனவரும் உழவரும் வேடிக்கைப் பொருளாகவன்றிப் பெருமிதம் தோன்ற நின்றனர்.

நட்பும் தொண்டும்

வென்ட் அவர்களின் வாழ்விலே நட்புக்குப் பேரிடம் உண்டு. பின்னாளில், 1971இல், நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1929ஆம் ஆண்டளவில் கொழும்பிலே தம் நாட்டுக் கொன்சலாய்த் தனிமையில் வாடினார். அவர் தங்கியிருந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வென்ட் வாரந்தோறும் சைக்கிளிலே ஆள் மூலம் ஒரு மூட்டைப் புத்தகங்களை அனுப்பி வைத்ததை, அக்கவிஞர் தம் நினைவு நூலிலே நன்றியோடு குறித்திருக்கின்றார்.

1934இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் ‘சோங் ஒப் சிலோன்’ என்ற திரைப்படத்தை எடுக்க இங்கு வந்தார். அவருக்கு நாட்டைக் காட்டி, நடனக்காரரை அறிமுகஞ் செய்து வைத்தவர் வென்ட். அப்படத்திலே ஒலிக்கும் விளக்கவுரையின் குரலும் அவருடையதே. கண்டி அரசிலே சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெரும்பகுதி எடுக்கப்பட்ட உரை அது. 1935இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே அப்படம் பரிசு பெற்றது. நாட்டு நடனத்தைப் படித்தோர் பலர் இழிவாக நினைத்த அக்காலத்தில், அந்நடனக் கலைஞரை ஆதரித்தவர்களுள் வென்ட் முக்கியமானவர்.

ஓவியர்க்கும் அவர் உற்ற துணைவர். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே பெயர்த்தவரும் பேரோவியருமான ஜோர்ஜ் கீற் அவர்களின் ஆற்றலைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து ஊக்கியவர் வென்ட். 1943 ஆகஸ்டிலே அவருடைய கில்போர்ட் கிறெசென்ட் இல்லத்திலேயே ‘நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு’ என்னும் புகழ் பெற்ற ஓவியர் குழு பிறந்தது. கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி, ரிச்சர்ட் கேப்ரியல் முதலிய ஓவியர் அக்குழுவிலே ஒன்று கூடினர். இனமும் மதமும் வேறாயிருந்தோர் ஒரு கூரையின் கீழ்க் கலையால் ஒன்றுபட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அவர்களுடைய முதற் கண்காட்சி நடைபெற்றது.

மறைவும் மறைந்தவையும்

அக்குழு தோன்றி ஓராண்டு சிறிது கழிந்தது. 1944 டிசம்பரில், நாற்பத்து நான்கு வயது நிறைந்த சில நாட்களிலேயே, லயனல் வென்ட் திடீரென மறைந்தார். இரண்டாம் உலகப் போர் இன்னும் ஓயவில்லை. தாம் நேசித்த நாடு சுதந்திரம் பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டிலே சகோதரர் ஹரியும் காலமானார்.

இனி நாம் கூறுவது நெஞ்சை வருத்தும் செய்தி. வென்ட் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. கலைஞன் தானே அச்சிட்டதே அவன் படம், பிறர் அச்சிடலாகாது என்ற கொள்கை அக்காலத்து நிழற்படக் கலைஞரிடையே நிலவியது. கொள்கை எதுவாயினும் இழப்பு இழப்பே! இன்று எஞ்சியிருப்பவை அவர் தம் கையால் அச்சிட்ட படிகளும், 1950இல் லண்டனிலே வெளியான ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்னும் பெருநூலுமே. அப்படிகளைப் பேணிக் காத்த அன்பர் இல்லாவிடின் அவர் பெயரும் மறைந்தே போயிருக்கும்.

சகோதரர் விட்டுச் சென்ற சொத்தும், அறங்காவலர் ஹரல்ட் பீரிஸ் அவர்களின் உழைப்பும் சேர்ந்து, வென்ட் வாழ்ந்த மனையிடத்திலே அவர் பெயரால் கலைநிலையம் ஒன்றை எழுப்பின. அதன் நாடக அரங்கு 1953 டிசம்பரில் மக்சிம் கோர்க்கியின் நாடகத்தோடு திறக்கப்பட்டது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மும்மொழி நாடகங்களும் ஏறிய மேடை அது. 2017இல் ஒல்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகரத்து நிழற்படக் காட்சிச்சாலையிலே அவருடைய படங்கள் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பட்டன. எழுபது ஆண்டு கடந்தும் அவ்வெயில் அப்படங்களிலே மங்கவில்லை.

நமக்கு உரியது யாது?

வென்ட் எடுத்த படங்களிலே ஒரு குறை உண்டு. அவற்றிலே கம்பீரமாய் நிற்கும் மீனவரும் சிறுவரும் தொழிலாளரும் யாவர்? பெரும்பாலானோரின் பெயர் படத்தோடு நமக்கு வந்து சேரவில்லை. எடுத்தவர் பெயர் உலகெங்கும் விளங்குகின்றது. எடுக்கப்பட்டவர் பெயர் காற்றோடு போயிற்று. அக்காலத்து வழக்கம் அது. அவ்வழக்கத்தை மாற்ற வேண்டிய பொறுப்பு நம் காலத்தவர்க்கு உண்டு.

நம் கரையோரத்தை எண்ணிப் பாருங்கள். உடப்பிலே கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடலைப் பாட வல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். திரௌபதை அம்மன் தீமிதிப்பு, முன்னேஸ்வரத் திருவிழா, கற்பிட்டிக் களப்பின் தோணிகள், உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள் ஆகிய இவையனைத்தும் ஆண்டுக்கு ஆண்டு உருமாறி வருகின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர், கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நம் மாவட்டத்துக்கு வந்தனர். சுவரிலே மாட்டியிருந்த பெற்றோர் படத்தையும் திருமணப் படத்தையும் பிறந்த வீட்டிலேயே விட்டு வந்த அயலவரை நாம் அறிவோம். அவர்களைக் கேளுங்கள், ஒரு படத்தின் விலை என்னவென்று!

அன்று லைக்கா வாங்கச் செல்வரால் மட்டுமே இயலும். இன்றோ கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞரிடமும் கமரா உண்டு. ஆனால் ஆயிரம் படம் எடுத்து ஒன்றையேனும் பேணாதிருப்பது பெருங் குறையாகும். தொலைபேசி உடைந்தால் அத்தனையும் போகும். வென்ட் அவர்களின் நெகட்டிவ்களை மனிதர் கை அழித்தது. நம் படங்களை நம் அசட்டையே அழித்துவிடும்.

ஆகவே இளைஞர்காள்! தேர்ந்தெடுத்த சிலவற்றையாவது நல்ல தாளிலே அச்சிட்டு வையுங்கள். படத்திலிருப்பவரின் சம்மதத்தோடு படம் எடுத்து, அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலாற் பின்புறத்தில் எழுதுங்கள். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வீட்டுப் பழைய படங்கள் உப்புக் காற்றாலும் ஈரத்தாலும் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன. அவற்றை உலர்ந்த பெட்டியிலே வைத்து, இன்னும் உயிரோடிருக்கும் பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் கேட்டு, யார் எவரெனக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண் மூடியபின் கேட்பதற்கு ஆள் இராது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். படம் எடுக்கும் பிள்ளையைக் கண்டவுடன் படிப்பு கெடுகின்றதே என்று கடிந்துகொள்ள வேண்டாம். படிப்பையும் பிழைப்பையும் விட்டுவிடாதிருக்கும்படி அறிவுரை சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அத்தோடு அப்பிள்ளை எடுத்த படத்தையும் ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள். கமராவை நேசித்த ஒரு நீதியரசரின் வீட்டிலேயே லயனல் வென்ட் வளர்ந்தார். நம் கரையிலே பிறந்த ஒருவர் நம் கரையை நம் கண்ணாலே உலகுக்குக் காட்டும் நாள், அவ்வாறு ஒரு படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் பெரியவர் ஒருவரிடமிருந்தே தொடங்கும்.